தேக்கு எழுதிவைத்த மழைக்கணக்கு

மும்பையில் நான்கு மாதம் மழை கொட்டித் தீர்க்கும். மீதி எட்டு மாதம் ஏறக்குறைய வறட்சிதான். இந்த ஏற்ற இறக்கம் தேக்கு மரத்தின் உடலில் ஆண்டுதோறும் ஒரு வளையமாகப் பதிகிறது. போரிவலியில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவிலும் தாணே மாவட்டக் காடுகளிலும் தேக்கு இயற்கையாகவே வளர்கிறது. வறண்ட மாதங்களில் இலையுதிர்த்து, வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது. பிறகு வளர்ச்சி தொடங்கும்போது, நீரை வேகமாக ஏற்றப் பெரிய துளைகள் வரிசையாக உருவாகின்றன. பருவம் முடியமுடியத் துளைகள் சிறுத்து, கட்டை இறுகுகிறது. சீவிய தேக்குப் பலகையின் குறுக்குவெட்டில் இந்தத் துளை வரிசை வெறுங்கண்ணுக்கே தெரியும். பருவமே அறியாத ஈரக்காட்டு மரங்கள் பலவற்றில் இவ்வளவு தெளிவு கிடையாது.

மழை பொய்த்த ஆண்டில் வளையம் பொதுவாகக் குறுகும். ஆனால் நடுவில் மழை விட்டுப் பெய்தால் போலி வளையமும் தோன்றும். அதனால் ஒரு மரத்தை மட்டும் நம்ப முடியாது. பல மரங்களிலிருந்து பென்சிலைவிட மெல்லிய கட்டைத்துண்டுகளைத் துளைத்தெடுத்து, குறுகிய வளையங்களை ஒன்றோடொன்று பொருத்தி ஆண்டைக் கணிக்கிறார்கள். பொறுமை வேண்டிய வேலை.

புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவன ஆய்வாளர்கள் 1983-இலேயே தாணே தேக்கை ஆராய்ந்தார்கள். பின்னர் கேரளத் தேக்குகளிலிருந்து 1481 முதல் 2003 வரை 523 ஆண்டுத் தொடரை அமைத்து 2010-இல் வெளியிட்டார்கள். பசிபிக் பெருங்கடல் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோவோடு பருவமழை பலவீனமான ஆண்டுகள் பலவற்றில் வளையங்கள் குறுகியிருந்தன. இந்தியாவில் மழைமானிகளைக் கொண்டு முறையாக மழையை அளக்கத் தொடங்குவதற்கு நூற்றாண்டுகள் முன்பே தொடங்கும் பதிவு அது.

இத்தகைய நீண்ட பதிவுக்கு முதிய மரங்கள் வேண்டும். தோட்டங்களில் தேக்கு ஏராளம். இயற்கைக் காடுகளின் முதிய தேக்குகளோ வெட்டப்பட்டு அருகிவிட்டன. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் தேக்கு இப்போது அழியும் ஆபத்திலுள்ள இனம். இளந்தோட்ட மரங்களில் சில பத்தாண்டு மழைக்கணக்குதான் கிடைக்கும்.