20 செட்டில் ஒன்றைக்கூட விடாதவர், அடுத்த கோப்பைக்கு ஏன் இவ்வளவு காத்திருக்கிறார்? - எம்மா ரடுகானுவின் கதை

2021 செப்டம்பர் 11. நியூயார்க், ஆர்தர் ஆஷ் அரங்கம். யுஎஸ் ஓப்பன் பெண்கள் இறுதிப் போட்டியில் 5-3 என்று முன்னிலையில் இருக்கிறார் 18 வயது எம்மா ரடுகானு. ஒரு பந்தைத் துரத்திச் சறுக்கியதில் முழங்காலில் ரத்தம். ஆட்டத்தை நிறுத்திக் கட்டுப் போட்டார்கள். திரும்பி வந்தவர், கடைசிப் புள்ளியை ஏஸ் அடித்து முடித்தார். கனடாவின் லேலா ஃபெர்னாண்டஸை 6-4, 6-3 என்று வீழ்த்தி சாம்பியன் ஆனார்.

பரிசுத்தொகை 25 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் 18 கோடி ரூபாய்க்கு மேல்.

ஆனால், 2025 முடியும் வரை அவர் இரண்டாவதாக ஒரு பட்டம்கூட வெல்லவில்லை. 'ஒரே ஒரு ஹிட் கொடுத்துட்டு காணாமப் போயிட்டாங்க', 'விளம்பரத்துல பிஸி ஆகிட்டாங்க' என்று சோஷியல் மீடியாவில் ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். உண்மையில் என்னதான் நடந்தது? அதைப் புரிந்துகொள்ள டென்னிஸ் உலகம் எப்படி இயங்குகிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

யார் இந்த எம்மா?

அப்பா ருமேனியாக்காரர், அம்மா சீனாக்காரர். எம்மா பிறந்தது கனடாவின் டொரன்டோவில், 2002 நவம்பர் 13 அன்று. இரண்டு வயதில் குடும்பம் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தது. வளர்ந்தது தென்கிழக்கு லண்டனின் புரோம்லி பகுதியில். ஐந்து வயதில் டென்னிஸ் மட்டையைக் கையில் எடுத்தார்.

ஸ்போர்ட்ஸ்தான் எல்லாம் என்று படிப்பை விட்டுவிடவில்லை. நம்ம ஊர் பிளஸ் டூ-வுக்கு இணையான ஏ லெவலில் கணிதத்தில் ஏ ஸ்டார், பொருளாதாரத்தில் ஏ கிரேடு. இந்த ரிசல்ட் வந்தது 2021-ல், அதாவது யுஎஸ் ஓப்பன் ஜெயித்த அதே ஆண்டில். கொரோனா, படிப்பு இரண்டும் சேர்ந்ததில், அதற்கு முந்தைய ஒன்றரை ஆண்டுகளில் அவர் விளையாடிய போட்டிகளே மிகக் குறைவு. இந்தத் தகவலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2021 ஜூனில் நாட்டிங்ஹாமில் நடந்த போட்டிதான் பெண்கள் டென்னிஸின் மேல்மட்டச் சுற்றில் அவருக்கு முதல் ஆட்டம். முதல் சுற்றிலேயே தோல்வி. அடுத்து விம்பிள்டன். அப்போது அவர் ரேங்க் 338. வைல்டு கார்டு மூலம் உள்ளே வந்தவர் மூன்று சுற்றுகள் ஜெயித்தார். நான்காவது சுற்றில் மூச்சு விடச் சிரமப்பட்டு பாதியிலேயே விலகினார். 'அழுத்தத்தைத் தாங்க முடியலை' என்று அப்போதே விமர்சனம் கிளம்பியது.

குவாலிஃபயர் ஜெயிப்பது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்?

கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரிவில் 128 பேர் ஆடுவார்கள். பெரும்பாலானவர்கள் ரேங்க் அடிப்படையில் நேராக உள்ளே வருவார்கள். சிலருக்கு மட்டும் போட்டி நடத்துபவர்கள் வைல்டு கார்டு கொடுப்பார்கள். மீதம் இருக்கும் 16 இடங்களுக்கு, முந்தைய வாரமே இன்னொரு 128 பேர் மோதுவார்கள். அதுதான் தகுதிச் சுற்று. அதில் மூன்று ஆட்டம் ஜெயித்தால்தான் மெயின் டிராவில் காலடி வைக்க முடியும்.

யுஎஸ் ஓப்பனுக்கு வந்தபோது எம்மாவின் ரேங்க் 150. தகுதிச் சுற்றோடு ஊர் திரும்பிவிடலாம் என்ற கணக்கில்தான் விமான டிக்கெட்டே போட்டிருந்தார். அதை அவரே சிரித்துக்கொண்டே சொன்னார்.

டிக்கெட் வீணானது! தகுதிச் சுற்றில் மூன்று, மெயின் டிராவில் ஏழு என மொத்தம் 10 ஆட்டங்கள், 20 செட்கள். ஒன்றைக்கூட இழக்கவில்லை. சில வாரங்களுக்கு முன்பு சான் ஹோசேவில் தன்னைத் தோற்கடித்த சீனாவின் ஜாங் ஷுவாயையும், டோக்கியோ ஒலிம்பிக் தங்கம் வென்ற பெலிண்டா பென்சிச்சையும் நேர் செட்களில் வென்றார். தொழில்முறை வீரர்களுக்கும் கிராண்ட்ஸ்லாம் கதவு திறந்த 1968-க்குப் பிறகு, தகுதிச் சுற்றிலிருந்து வந்து கோப்பையைத் தூக்கிய முதல் ஆள் இவர்தான். ஆண்களிலும் யாரும் இல்லை. 1977-ல் விர்ஜீனியா வேட் விம்பிள்டன் ஜெயித்த பிறகு, கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் பிரிட்டன் பெண்ணும் இவரே.

150-ல் இருந்த ரேங்க் ஒரே நாளில் 23 ஆனது. சிக்கலும் அங்கேதான் ஆரம்பித்தது.

ரேங்க் ஏன் அப்படிச் சரிந்தது?

டென்னிஸ் ரேங்க் என்பது நிரந்தரச் சொத்து இல்லை. கடைசி 52 வாரங்களில் சேர்த்த புள்ளிகளின் கணக்கு அது. போன வருஷம் இதே போட்டியில் எடுத்த புள்ளிகள், இந்த வருஷம் கழிந்துவிடும். அதே இடத்தில் நிற்கவே அதே அளவு மறுபடியும் ஜெயிக்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் அப்ரைசல் நடக்கும் வேலை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

2021 யுஎஸ் ஓப்பனில் எம்மாவுக்குக் கிடைத்தது, கோப்பைக்கு 2,000, தகுதிச் சுற்றுக்கு 40. மொத்தம் 2,040 புள்ளிகள். ஒரே தொடரில் வந்தது. மற்ற முன்னணி வீராங்கனைகளுக்கு வருஷம் முழுக்க பல ஊர்களில் ஆடிச் சேர்த்த புள்ளிகள் இருக்கும். ஒரு இடத்தில் சறுக்கினால் இன்னொன்று தாங்கும். இவருக்கு அந்த அடித்தளமே இல்லை.

2022 ஜூலையில் 10-வது இடம் வரை போனார். ஆகஸ்ட் கடைசியில் யுஎஸ் ஓப்பன் முதல் சுற்றில் பிரான்ஸின் அலிசே கோர்னேவிடம் தோற்றார். 2,040 போய், 10 புள்ளிகள் வந்தன. ரேங்க் 11-லிருந்து 83-க்கு இறங்கியது. ஆட்டம் ஒரே நாளில் அவ்வளவு மோசமாகிவிட்டதா என்ன? இல்லை, ஒரு வருஷத்துக்கு முந்தைய கணக்கு அன்றைக்கு முடிந்தது. அவ்வளவுதான்.

உடம்பு ஒத்துழைத்ததா?

இதுதான் பலரும் கவனிக்காத பகுதி. சாதாரணமாக ஒரு இளம் வீராங்கனை சின்னச் சின்னப் போட்டிகளில் ஆண்டுக்கணக்கில் ஆடி, தோற்று, பயணம் செய்து, உடம்பைப் பழக்குவார். எம்மாவுக்கு அந்தக் காலம் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து நேராக உலகின் மிகக் கடினமான சுற்றுக்குள் வந்துவிட்டார்.

2022 ஆஸ்திரேலிய ஓப்பனில் உள்ளங்கை கொப்பளித்து, ஃபோர்ஹேண்டை முழு வேகத்தில் அடிக்க முடியாமல், பந்தை வெட்டி வெட்டி ஆடியே ஒரு செட்டை ஜெயித்தார். கடைசியில் தோல்வி. அதே ஆண்டு ரோமில் முதுகு வலி, நாட்டிங்ஹாமில் விலா பக்கம் வலி. இரண்டிலும் பாதியில் விலகல். 2023 தொடக்கத்தில் கணுக்கால். மே மாதம் இரண்டு கைகளிலும் ஒரு கணுக்காலிலும் அறுவை சிகிச்சை. அந்த ஆண்டு பிரெஞ்சு ஓப்பன், விம்பிள்டன், யுஎஸ் ஓப்பன் மூன்றுமே போயின. ஆடவில்லை என்றால் புள்ளி இல்லை. ரேங்க் 300-க்கும் கீழே போனது.

கோச்சை மாற்றிக்கொண்டே இருந்தாரே?

ஆமாம், அது உண்மை. விம்பிள்டனில் நைஜல் சியர்ஸ், யுஎஸ் ஓப்பனில் ஆண்ட்ரூ ரிச்சர்ட்சன். கோப்பை ஜெயித்த இரண்டே வாரத்தில் ரிச்சர்ட்சனுடனான ஒப்பந்தம் முடிந்தது. பிறகு டார்பென் பெல்ட்ஸ், டிமிட்ரி துர்சுனோவ், செபாஸ்டியன் சாக்ஸ், நிக் கவடே என்று பட்டியல் நீள்கிறது. தான் நிறைய 'ஏன்' கேட்பதாகவும், பதில் சொல்வது சில கோச்களுக்குச் சவாலாக இருந்திருக்கலாம் என்றும் எம்மாவே பேசியிருக்கிறார்.

அதை ஆர்வம் என்றும் பார்க்கலாம், பொறுமையின்மை என்றும் பார்க்கலாம். ஆனால், டென்னிஸில் கோச்சுக்குச் சம்பளம் கொடுப்பதே ஆட்டக்காரர்தான் என்பதை மறக்கக் கூடாது. 18, 19 வயதில் தனக்கு மேலதிகாரியை தானே தேர்ந்தெடுத்து, சரியில்லை என்றால் தானே அனுப்பவும் வேண்டும். முதல் வேலையில் சேர்ந்த புதிதில் நம்மில் எத்தனை பேருக்கு அந்தத் தெளிவு இருந்தது?

டியோர், டிஃபானி, போர்ஷே என்று விளம்பர ஒப்பந்தங்கள் குவிந்ததும் உண்மைதான். அதனால்தான் ஆட்டம் கெட்டது என்று சொல்வது ஈஸி. ஆனால், கொப்பளித்த கைக்கும் கணுக்காலுக்கும் அது பதில் ஆகாது.

இப்போது எங்கே நிற்கிறார்?

2024 ஜூன், ஈஸ்ட்போர்ன். அமெரிக்காவின் ஜெசிகா பெகுலாவை மூன்று செட்களில் வென்றார் எம்மா. உலகின் முதல் 10 இடங்களில் இருக்கும் ஒருவரை அவர் ஜெயித்தது அதுதான் முதல் முறை. கிராண்ட்ஸ்லாம் சாம்பியனாகி கிட்டத்தட்ட மூன்று வருஷம் கழித்து! நியூயார்க்கில் அவர் ஜெயித்த ஏழு பேரில் யாரும் அப்போது முதல் 10-ல் இல்லை. அதற்காக அந்த வெற்றி சின்னதாகிவிடாது. ஆனால், அவர் எந்த வரிசையில் முன்னேறுகிறார் என்பது இதில் தெரிகிறது. மற்றவர்கள் படி ஏறி மாடிக்குப் போவார்கள். இவர் மாடியில் இறக்கிவிடப்பட்டு, பிறகு கீழே வந்து ஒவ்வொரு படியாக ஏறுகிறார்.

2025 பிப்ரவரியில் துபாயில் வேறு மாதிரி ஒரு சோதனை. தன்னைப் பின்தொடர்ந்து வந்த ஒருவரைப் பார்வையாளர்கள் நடுவில் பார்த்துவிட்டு, ஆட்டத்தின் நடுவே நடுவர் நாற்காலிக்குப் பின்னால் போய்க் கண்ணீரோடு நின்றார். 22 வயதுப் பெண் தனியாக நாடு நாடாகச் சுற்றும் வேலையில் இப்படியும் ஒரு பயம் இருக்கிறது. அடுத்த மாதமே மயாமி ஓப்பனில் காலிறுதி. ஜூலையில் வாஷிங்டனில் அரையிறுதி. மறுபடியும் பிரிட்டனின் நம்பர் ஒன்.

எம்மாவின் கதையை 'தோல்வி' என்று சொல்பவர்கள், 2021-ன் அந்த மூன்று வாரங்களை ஆரம்பப் புள்ளியாக வைத்து அளக்கிறார்கள். நாட்டிங்ஹாமில் முதல் சுற்றிலேயே தோற்ற மாணவியை ஆரம்பமாக வைத்துப் பாருங்கள். அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு, படிப்படியாக முன்னேறி, முன்னணி வீராங்கனைகளோடு மோதும் ஒருவர் தெரிவார். கையில் ஒரு கிராண்ட்ஸ்லாம் கோப்பை வேறு ஏற்கெனவே இருக்கிறது. புள்ளிகள்தான் 52 வாரத்தில் கழியும். கோப்பையை யாரும் திருப்பிக் கேட்க முடியாது.