கொல்லிப்பாவையும் சாமை மில்லும்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. இந்த மலையில் எங்கோ ஒரு பாவை நிற்பதாகச் சங்கப் புலவர்கள் பாடினார்கள். காற்று மோதினாலும் மழை கொட்டினாலும் இடி விழுந்தாலும் நிலமே அதிர்ந்தாலும் அதன் அழகு குலையாது என்கிறார் நற்றிணையில் பரணர். பின்னால் வந்த கதைகள் பாவைக்கு ஒரு வேலையும் கொடுத்தன. முனிவர்களைத் துன்புறுத்த வரும் அரக்கரின் வாடை பட்டதும் அது அசையும், சிரிக்கும். மயங்கிக் கிட்டே வந்தவனைக் கொன்றுவிடும்.

உணர்வது, முடிவெடுப்பது, செயல்படுவது. ரோபோவுக்கு இன்று நாம் சொல்லும் மூன்று இலக்கணமும் இந்தக் கதைக்குள் இருக்கின்றன. அதற்காக நம் முன்னோர் ரோபோ செய்தார்கள் என்று கிளம்பிவிடக் கூடாது. கதை வேறு, கருவி வேறு. ஆனால் தானே இயங்கும் பொறி அதிகாரச் சண்டையில் என்ன செய்யும் என்ற யோசனை நமக்குப் பழசு. கொங்குவேளிரின் பெருங்கதையில், எந்திர யானைக்குள் வீரர்களை ஒளித்துவைத்துத்தான் கதைத் தலைவன் உதயணனைச் சிறைபிடிக்கிறார்கள்.

‘ரோபோ’ என்ற சொல்லை உலகுக்குத் தந்ததும் ஒரு கதைதான். செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920-இல் வெளியிட்ட ‘ஆர்.யூ.ஆர்.’ நாடகம். ‘ரோபோட்டா’ என்றால் செக் மொழியில் கட்டாய உழைப்பு, நம் ஊர் வெட்டி வேலை மாதிரி. ஒரு கம்பெனி செயற்கைத் தொழிலாளிகளைச் செய்து உலகமெங்கும் விற்கிறது. மனிதருக்கு வேலை போகிறது. அரசுகள் அவற்றைப் போருக்கும் அனுப்புகின்றன. கடைசியில் ரோபோக்கள் கலகம் செய்து ஒரே ஒருவரை மட்டும் உயிரோடு விடுகின்றன. அவர் கட்டடம் கட்டுபவர். தங்களைப் போலவே கையால் வேலை செய்கிறவர் என்பதால். தமிழில் இந்த அச்சத்தையும் ஆசையையும் ஒருசேரக் கொடுத்தவர் சுஜாதா. ‘என் இனிய இயந்திரா’வில் சர்வாதிகார ஆட்சியை எதிர்ப்பவர்கள் பக்கம் நிற்பது ஜீனோ என்ற எந்திர நாய்.

கதைகளில் எந்திரம் வருகிறது, மனிதன் வெளியேறுகிறான். கொல்லிமலையில் எந்திரம் வராததால் ஒரு பயிர் வெளியேறப் பார்த்தது.

ஒரு பிடி சாமையை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். கடுகைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. வழவழப்பான உமி அரிசியை இறுக்கிப் பிடித்திருக்கும். உரலில் போட்டுக் குத்த வேண்டும், முறத்தில் புடைக்க வேண்டும், உமி போகாததை மறுபடி குத்த வேண்டும். ஒரு வேளைச் சோற்றுக்கு மணிக்கணக்கில் உலக்கை பிடித்தவர்கள் பெண்கள். அதற்குக் கூலி கிடையாது. அதை வேலை என்று கணக்கெழுதியவரும் கிடையாது. மரவள்ளிக்கு இந்தப் பாடு இல்லை. கிழங்கைப் பிடுங்கி லாரியில் ஏற்றினால் கீழே சேகோ ஆலைக்காரர் வாங்கிக்கொள்வார். ரேஷன் அரிசியும் வந்தது. சாமையும் தினையும் காட்டை விட்டு இறங்க இவையும் காரணம். ஆனாலும் உலக்கையின் பாரத்தை நான் சின்னக் காரணமாக நினைக்கவில்லை.

1990-களிலிருந்து இங்கே வேலை செய்துவரும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இதைக் கவனித்தது. ஊர்களில் சிறுதானிய மில்கள் வந்தன. உமி நீக்கும் எந்திரங்களில் ஒரு வகையின் தத்துவம் எளிமையானது. வேகமாகச் சுழலும் தட்டு தானியத்தை உறையின் சுவரில் வீசியடிக்கும். அந்த அடியில் உமி பிளக்கும். காற்று உமியை ஊதித் தள்ளிவிடும். வேகம் கூடினால் அரிசி நொறுங்கும், குறைந்தால் உமி போகாது. இந்தப் பக்குவம் பிடிபடக் கொஞ்ச நாள் ஆகும். மில்லை நடத்தும் பொறுப்பு சுய உதவிக் குழுக்களிடம் போனது. சாபெக்கின் கம்பெனிக்கும் இந்த மில்லுக்கும் உள்ள தூரம் அங்கேதான். உலக்கை பிடித்த ஊரே சுவிட்சையும் பிடித்தது.

கூலிக்குச் செய்யும் வேலை என்றால் கணக்கு மாறும். இந்த மலையின் மிளகையே எடுத்துக்கொள்வோம். சில்வர் ஓக் மரத்தில் உயரப் படர்ந்த கொடி, அதில் சாத்திய மூங்கில் ஏணி. செக்கர்ஸ் ஆட்டத்தில் பெரியவர்களுக்கு ஈடாக ஆடும் கணினிக்கு, பார்த்து உணர்வதிலும் நடமாடுவதிலும் ஒரு வயதுக் குழந்தையின் திறமை வருவது கடினம் என்று ரோபோ ஆய்வாளர் ஹான்ஸ் மொராவெக் 1988-இல் எழுதினார். மிளகு பறிப்பவரைப் பார்த்தால் அது புரியும். ஒரு கால் ஏணியில், ஒரு கை கொடியில், இடுப்பில் சாக்கு. காற்றில் எல்லாமே அசைகிறது.

விழுந்தால் இடுப்பு போய்விடும். அந்த ஆபத்தை ஏற்றுக்கொள்ளும் எந்திரம் வந்தால் நான் மனசார வரவேற்பேன். ஏணி ஏறியவரின் அன்றாடக் கூலிக்கு என்ன வழி என்பதை, அதை வாங்குகிற நாளிலேயே அவரை உட்காரவைத்துப் பேச வேண்டும்; வாங்கிய பிறகு அல்ல.

இப்போதைக்கு ஏணியில் மனிதர்தான். கொத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்திருந்தால் கிள்ளிச் சாக்கில் போடுகிறார். முழுப் பச்சையாக இருந்தால் விட்டுவிட்டு அடுத்த கொத்துக்குக் கை நீட்டுகிறார்.