வீட்டு ஒயின் தெளிந்தால் போதுமா? புட்டியில் அடைக்கும் முன் அறிய வேண்டியவை

பெங்களூரு: கிறிஸ்துமஸ் பண்டிகைக்காகத் திராட்சை ஒயினை வீட்டிலேயே தயாரிப்பது, பெங்களூரின் ரிச்சர்ட்ஸ் டவுன், குக் டவுன், பிரேசர் டவுன் பகுதிகளில் வாழும் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களின் நெடுநாள் வழக்கம். புவிசார் குறியீடு பெற்ற 'பெங்களூர் புளூ' திராட்சை இதற்குப் பெயர் பெற்றது. பீங்கான் ஜாடியில் திராட்சை, சர்க்கரை, ஈஸ்ட், ஒரு கைப்பிடி கோதுமை ஆகியவற்றை இட்டு, ஏறத்தாழ 21 நாள்கள் கழித்து மெல்லிய துணியில் வடிகட்டுவர். அப்போது கிடைப்பது கலங்கிய திரவமே.

கலங்கலுக்கு முதற்காரணம் ஈஸ்ட். அதன் செல் ஒன்று, மில்லிமீட்டரில் சுமார் 200-இல் ஒரு பங்கு அளவே என்பதால் துணியில் தங்காது. நாளடைவில் அது அடியில் மண்டியாகப் படியும். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் விரைவில் படியும். பின்னர் ஜாடியை அசைக்காமல், குழாய் வழியே மேல்திரவத்தை மட்டும் வேறு கலத்துக்கு மாற்ற வேண்டும். மீண்டும் மீண்டும் துணியில் வடித்தால் காற்று கலந்து சுவை கெடும்.

முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பது பழைய முறை. அதிலுள்ள புரதம், திராட்சைத் தோலின் துவர்ப்புப் பொருளான டானினுடன் இணைந்து, நுண்துகள்களையும் இழுத்துக்கொண்டு அடியில் இறங்கும். ஆனால் கோதுமையின் மாவுச்சத்தும், பழத்தைக் கொதிக்க வைப்பதால் வெளிப்படும் பெக்டினும் இதற்குக் கட்டுப்படா. அடுத்த முறை கோதுமையையும் கொதிக்க வைப்பதையும் தவிர்ப்பதே எளிய வழி.

இவற்றைவிட முக்கியமானது ஒன்றுண்டு. தெளிந்த ஒயின், நொதித்து முடிந்த ஒயின் என்று பொருளாகாது. குளிரில் உறங்கும் ஈஸ்ட், வெப்பம் ஏறியதும் எஞ்சிய சர்க்கரையை உண்ணத் தொடங்கும். ஒரு லிட்டரில் 4 கிராம் சர்க்கரை நொதித்தாலே ஏறத்தாழ ஒரு லிட்டர் கரியமில வாயு உண்டாகும். ஷாம்பெயினுக்கு லிட்டருக்குச் சுமார் 24 கிராம் வேண்டுமென்றே சேர்க்கப்படுகிறது. அதன் புட்டி தடித்த கண்ணாடியால் ஆனது. சாதாரணப் புட்டியோ வெடித்துச் சிதறும். இனிப்புக்காகக் கடைசி நேரத்தில் சர்க்கரை சேர்ப்போர் இதை மறந்துவிடுகின்றனர். வீட்டு பீருக்கும் இதே ஆபத்து உண்டு.

எனவே, அறை வெப்பநிலையில் ஹைட்ரோமீட்டர் அளவு சில நாள்கள் மாறாமல் இருப்பதை உறுதி செய்த பின்னரே புட்டியை இறுக மூட வேண்டும்.

உரிமமின்றி மதுபானம் தயாரிப்பதை கர்நாடக கலால் சட்டம், 1965 தடை செய்கிறது என்பதும் குறிப்பிடத்தக்கது.