குண்டு மழையில் கட்டுத்துணியோடு

சுரங்கத்தினுள் பாறை வெடித்ததென்ற செய்தி மேலே வந்தால், ஊரிகத்து வீடுகளில் அன்று அடுப்பு எரிவதில்லை. தாய்மாரும் மனைவிமாரும் சுரங்க வாயிலில் நின்று, கூண்டு மேலேறி வருவதையே பார்த்திருப்பர். மீண்டும் பாறை சரியுமே என்று அஞ்சாமல், அடிபட்டவனைத் தூக்கிவர ஆழத்திற்கு இறங்கியவர்கள் நம்மிடையே வாழ்ந்தனர். 2001ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. அவர்கள் நினைவு மூடப்படலாகாது.

அத்தகைய துணிவைப் போர்க்களத்திற் காட்டிய தமிழர் ஒருவரைப் பற்றி நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும். அவர் லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ். நம்மிற் பலருடைய முன்னோர் புறப்பட்டு வந்த ஆர்க்காட்டின் பெயரையே தம் பெயரின் முதலெழுத்தாகத் தாங்கியவர்.

1950இல் கொரியாவில் போர் மூண்டபோது, இந்தியா போரிடும் படையை அனுப்பவில்லை. 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவை அனுப்பியது. அதன் தலைவர் ரங்கராஜ். அங்கே கடுங்குளிர். மருந்தும் உறைந்து போகும். மருந்துக் குழல்களை உடலோடு அணைத்துச் சூடேற்றிய பின்னரே ஊசி போட இயலும் என்ற நிலை.

அவ்வாண்டு டிசம்பரில் பியோங்யாங் நகரைவிட்டுப் படைகள் பின்வாங்கின. மருத்துவப் பிரிவுக்கோ வண்டிகள் இல்லை. கருவிகளை விட்டுச் சென்றால் உயிர் தப்பலாம். ஆனால் கருவியின்றி மருத்துவன் யாருக்கு உதவுவான்? கைவிடப்பட்டிருந்த ஓர் இரயில் எஞ்சினைத் தேடிப் பிடித்து, தாமே நீராவி ஏற்றி ஓட்டி, கருவிகளோடு ஆற்றைக் கடந்தனர். பாலம் சற்று நேரத்தில் தகர்க்கப்பட்டது.

1951 மார்ச் 23ஆம் நாள், முன்சான் அருகே அமெரிக்கத் துருப்புகளோடு இப்பிரிவினர் 12 பேர் விமானத்திலிருந்து குதித்தனர். மற்றவர் குதித்தது போரிட. இவர்கள் குதித்தது உயிர் காக்க. ரங்கராஜுக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. பிற்காலத்தில் அவர் உலகச் சுகாதார நிறுவனத்தின் சார்பில் ஆப்கானிஸ்தானத்தில் பெரியம்மையை ஒழிக்கப் பாடுபட்டார்.

களத்து மருத்துவனின் முதல் வித்தை எளியது: ஓடும் குருதியை நிறுத்துதல். தூய துணியைக் காயத்தின்மேல் வைத்து, கை தளராமல் அழுத்திப் பிடித்தல். சில நிமிடங்களில் முடிவாகிவிடும் உயிரை அந்தக் கை மீட்கிறது.

அன்பர்களே! நாள்தோறும் பெங்களூருக்கு இரயிலேறிச் செல்லும் நம் பிள்ளைகளில், வீட்டுக்கு ஒருவரேனும் முதலுதவி கற்கட்டும். ஆழத்தில் இறங்கிய நம் மூத்தோருக்கு அதுவே தக்க அஞ்சலி.