‘தேசிய’ என்றொரு பெயர்: ஹெய்ட்டியின் வங்கி

‘தேசிய வங்கி’ என்ற சொற்சேர்க்கையைச் சந்தேகமில்லாமல் வாசித்துப் பழகிவிட்டோம். தேசத்தின் பணம் தேசத்தின் கையில் என்ற அர்த்தம் தன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 1880இல் நிறுவப்பட்ட ஹெய்ட்டி தேசிய வங்கி இந்த அர்த்தத்தைத் தலைகீழாக்குகிறது. தலைமையகம் பாரிஸ்; முதல் போட்டது ஒரு பிரெஞ்சு வங்கி. ‘தேசிய’ என்பது பெயர்ப்பலகையில் மட்டும்தான்.

இதன் வேர் இன்னும் பழையது. அடிமைகள் கிளர்ந்தெழுந்து, பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்து 1804இல் உருவாக்கிய நாடு ஹெய்ட்டி. 1825இல் பிரான்சின் மன்னன் பத்தாம் சார்ல் போர்க்கப்பல்களை அனுப்பி 150 மில்லியன் பிராங்க் கேட்டான். நிலத்தையும், ‘சொத்தாக’ இருந்த மனிதர்களையும் இழந்த எஜமானர்களுக்கு நட்டஈடாம்! அதாவது, விடுதலையானவன் தன் உடம்புக்கான விலையைத் தானே கட்ட வேண்டும். முதல் தவணைக்கே பணமில்லை. பாரிஸிலேயே 30 மில்லியன் கடன் வாங்கினார்கள். பிடித்தம் போகக் கைக்கு வந்தது 24 மில்லியன். 1838இல் நட்டஈட்டின் மொத்தத் தொகை 90 மில்லியனாகக் குறைக்கப்பட்டது. ஏற்றுமதி வரி வழியாக இதன் சுமையைச் சுமந்தவர் காப்பி விவசாயி.

இந்த வரலாற்றின் மீதுதான் வங்கி வந்து உட்கார்ந்தது. நோட்டு அடிக்கும் உரிமை அதற்கு மட்டுமே. அரசின் வருவாயும் அதன் பெட்டிக்குள்தான் போகும். அரசு தன் பணத்தைப் போட்டாலும் கமிஷன், எடுத்தாலும் கமிஷன். லாபம் கடல் தாண்டிப் போய்விடும்.

1910இல் இந்த வங்கி கலைக்கப்பட்டு, ஏறக்குறைய அதே பெயரில் இன்னொன்று வந்தது. இம்முறை நியூயார்க்கின் நேஷனல் சிட்டி வங்கியும் பங்குதாரர். புதிய ஏற்பாட்டில் வரிப்பணத்தை வங்கி நிதியாண்டு முடியும்வரை வைத்துக்கொள்ளும். மாதச் செலவுக்கு அரசுக்கு முன்பணம் கொடுக்கும். 1914இல் அந்த முன்பணத்தை நிறுத்தியது. அவ்வளவுதான், அரசு முழங்காலிட்டது. அதே ஆண்டு டிசம்பர் 17 அன்று அமெரிக்கக் கடற்படை வீரர்கள் வங்கியிலிருந்து 5 லட்சம் டாலர் மதிப்புள்ள தங்கத்தை எடுத்துக் கப்பலில் ஏற்றினார்கள். நாணயச் சீர்திருத்தத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்த தங்கம் அது. போய்ச் சேர்ந்த இடம் நேஷனல் சிட்டி வங்கியின் பெட்டகம்.

அமெரிக்க ஆக்கிரமிப்பு 1915 ஜூலையில் தொடங்கி 1934இல் முடிந்ததாகத் தேதி சொல்கிறார்கள். ஆனால் பேரேட்டில் அது முன்பே தொடங்கிவிட்டது, பின்பும் தொடர்ந்தது. ஆக்கிரமிப்புக் காலத்தில் வங்கி முழுவதும் நேஷனல் சிட்டி வசமானது. அரசு அதைத் திரும்ப வாங்கியது 1935இல். 1922இல் சுமத்தப்பட்ட கடன் தீர்ந்ததோ 1947இல். 1825இல் பீரங்கி முன்னால் வந்தது, கணக்குப் புத்தகம் பின்னால். 1914இல் வரிசை மாறியது; எழுத்து மாறவில்லை.

‘தன்னைத்தானே ஆளத் தெரியாத ஏழை நாடு’ என்ற சொல்லாடல் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. கஜானாச் சாவி யாரிடம் இருந்தது என்ற கேள்வியை அது எழுப்புவதேயில்லை. 2003இல் அதிபர் அரிஸ்டைட் பிரான்சிடம் 2,100 கோடி டாலருக்கும் மேல் திருப்பிக் கேட்டார். கடனாளி என்றே வாசிக்கப்பட்ட நாடு, தன்னைக் கடன் கொடுத்தவனாக வாசித்த தருணம் அது. தொகை வரவில்லை. கணக்கும் இன்னும் மூடப்படவில்லை.