உறுதியும் உப்பும்

யாழ்ப்பாணத் தமிழில் ‘உறுதி’ என்னுஞ் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. திண்மை என்பது ஒன்று. அதனை நூல்வழி எவரும் அறிவர். மற்றையது காணிக்குரிய சாசனம். தமிழகத்துக்குச் சென்று ஒருவரிடம் “வீட்டின் உறுதியைக் காட்டுங்கள்” என்றால் அவர் சுவரைத் தட்டிக் காட்டவுங் கூடும். அங்கே அது பத்திரம். இருபத்தெட்டு ஆண்டுகளாக மாணவர்க்குச் சொற்பொருள் கற்பித்து வரும் யான், இவ்விரு பொருளும் ஒரே வீட்டின் வாயிலில் எங்ஙனம் முட்டிக்கொள்ளும் என்பதைத் தொண்டைமானாற்றில் ஒரு பழைய வீட்டை வாங்கப் புகுந்த பின்னரே கற்றேன்.

வீடு வாங்குதல் எம்மவர்க்குப் புதிய செயலன்று. மகளின் சீதனத்துக்காக வாங்குவோம்; குடியிருக்க வாங்குவோம். வாடகைக்கு விட்டு வருவாய் பெறலாம் என்று கணக்கிட்டு வாங்குதல் எங்கள் குடும்பத்தில் எவருஞ் செய்யாதது. அதற்கு எம்மைத் துரத்தியது 2022-ஆம் ஆண்டு. ஒரு டொலருக்கு 200 ரூபாயளவில் நின்ற நாணயமாற்று, சில மாதங்களுள் 360 ரூபாயை எட்டியது. வங்கியின் நிலையான வைப்பிலே கிடந்த எனது சிறு சேமிப்பு, எண்ணிக்கை குறையாமலே சுருங்கியதைக் கண்டேன். மண் அங்ஙனஞ் சுருங்காது என எண்ணினேன். 2019-இல் பலாலி விமானத் தளத்திலிருந்து சென்னைக்கு விமானம் பறக்கத் தொடங்கிய நாள் முதலாக, அயலூர்களில் விலை ஏறும், ஏறும் என்று தரகர்கள் ஓதி வந்ததும் என் செவியில் விழுந்திருந்தது. தரகர் வாக்கை வேதவாக்காகக் கொண்டது என் பிழையே.

தொண்டைமானாற்றின் கதை உப்பிலே தொடங்குவது. கலிங்கப் போரை வென்றவனாகக் கலிங்கத்துப்பரணி போற்றும் கருணாகரத் தொண்டைமான் உப்புக்காக இவ்விடம் வந்தான் என்றும், உப்பேற்றும் மரக்கலங்கள் உட்புக இந்த ஆற்றை வெட்டுவித்தான் என்றும் கூறுவது எங்கள் மரபு. அவன் தேடி வந்த உப்பை இன்றுள்ளோர் துரத்த முயல்கின்றனர். ஆற்று வாயிலிலுள்ள தடுப்பணையின் தொழில், கடல்நீர் வடமராட்சி நீரேரிக்குள் ஏறாது மறித்து, மாரி நீரை உள்ளே தேக்கி, கிணறுகளை நன்னீராக்குதல். நான் வாங்க எண்ணிய வீடு கடலுக்கும் நீரேரிக்கும் இடையே இரண்டரைப் பரப்பு வளவில் நின்றது.

நின்றது என்பதைச் சற்று விளக்குதல் வேண்டும். அது நாற்சார் வீடு. நடுவே முற்றம், நாற்புறமுந் தாழ்வாரம், தெருப்புறம் அகன்ற திண்ணை. வல்வெட்டித்துறையிற் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938-இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை சென்றதன்றோ? அந்தத் தலைமுறையினர் கட்டிய வீடு. சுவர் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். நிலைகள் பர்மாத் தேக்கு. 1990 முதலாகப் பலாலியைச் சூழ்ந்த ஊர்கள் ஆளின்றிப் போன காலத்தில் இவ்வீட்டாரும் வெளியேறினர். அவர்கள் திரும்பி வந்து பார்த்தபோது கூரையில் ஓடுமில்லை, ஓட்டைத் தாங்கிய மரமுமில்லை, கதவுகளுங் கழற்றப்பட்டிருந்தன. முற்றத்திலே ஓர் ஆலமரம் முளைத்து, சுவரொன்றைப் பற்றி நின்றது.

சுவரைப் பார்த்த நான் முதலில் உறுதியைப் பார்த்திருக்க வேண்டும். 1840-ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு முன் இரு சாட்சிகளோடு எழுதப்படாத காணி விற்பனை செல்லாது. ஆகவே நொத்தாரிசு ஒருவரிடஞ் சென்றேன். அவர் காணிப் பதிவகத்தில் முப்பதாண்டுப் பதிவுகளைத் தேடுவித்தார். பழைய உறுதியொன்றை வாசித்தபோது எனக்குப் பேருவகை. வளவுக்கு ஒரு பெயர், நான்கு எல்லையிலும் அயலவர் பெயர், ‘கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும்’ என்னும் முடிவு. உரைநடை வரலாறு எழுதுவோர் இவ்வுறுதிகளைப் புறக்கணிப்பது ஏனோ அறியேன். அந்த உவகை நெடிது நிற்கவில்லை. வீடு தாயின் பெயரில் இருந்தது. தாய் மறைந்துவிட்டார். பிள்ளைகள் அறுவர். நால்வர் வெளிநாட்டில், மூத்த மகள் அயலில் இருக்கிறார். கடைசி மகனைப் பற்றி 2009 மே மாதத்தின் பின் எச்செய்தியும் இல்லை.

வெளிநாட்டிலுள்ளோர் அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பினர். அது காலத்தைத் தின்றதேயன்றிக் கடினமாக இல்லை. இடையில் ஒருவர், அவ்வளவின் ஒரு மூலையைத் தாம் பத்தாண்டுக்கு மேல் ஆண்டு வந்ததாக வாதிட்டார். ஆட்சியுரிமை பற்றிய 1871-ஆம் ஆண்டுச் சட்டம் பத்தாண்டு இடையறாத ஆட்சிக்கு உரிமை தருவது உண்மையே. ஆயின் போரினால் தம் காணிக்கு வர இயலாதிருந்தோர் அதனால் இழப்பெய்தலாகாது என்று, 1983 மே முதலாந் திகதி தொடக்கம் 2009 மே 18 வரையுள்ள காலத்தைக் கணக்கிற் கொள்ளாது விடுவதற்கு 2016-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. நொத்தாரிசு இதனை எடுத்துரைக்க, வாதிட்டவர் தம் ஆட்சியையே ஐயுற்று விலகினார்.

காணாமற்போன மகனின் ஆறிலொரு பங்குதான் நகராத கல்லாயிற்று. 1707-இல் ஒல்லாந்தர் எழுதித் தொகுத்த தேசவழமை, பங்காளியின் காணியைப் பிறர் வாங்குமுன் மற்றைப் பங்காளிக்கு முதலுரிமை தருகின்றது. 1947-ஆம் ஆண்டுச் சட்டமும் அதனை நிலைநாட்டியது. எனவே ஐவரும் விற்பதாயின் ஆறாமவருக்கும் அறிவித்தல் கொடுத்தல் வேண்டும். எந்த முகவரிக்கு? அவருக்குரிய இறுதி முகவரி அவ்வீடே. கூரையற்ற அந்த வீட்டின் விலாசமிட்ட பதிவுத் தபாலைத் தபாற்காரர் கொணர்ந்து அக்காவின் கையிலே கொடுத்தார்.

அவர் பங்கையும் சேர்த்து வாங்க வழியுண்டா என்று வினவினேன். 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி இறப்பைப் பதியலாம், பதிந்தால் பங்கு உரித்தாளருக்கு இறங்கும், பின்பு விற்கலாம். 2016-இல் வந்த திருத்தம் இறப்புச் சான்றுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெற இடந்தருகிறது. அக்கா அதனை எடுத்து வைத்திருந்தார். விற்பதற்கு அது போதாது என்றார் நொத்தாரிசு. அவர் கூறியதை அப்படியே அக்காவிடங் கொண்டுபோய்ச் சொன்ன என் பேதைமையை இன்றும் நினைந்து நாணுகிறேன். அவர் சினக்கவில்லை. “மாஸ்ரர், இந்த வீட்டை விக்கிறதுக்காக என்ர தம்பி செத்திட்டான் எண்டு என்னைக் கையெழுத்து வைக்கச் சொல்லுறியளோ?” என்று மாத்திரங் கேட்டார்.

முதலீடு பற்றி எழுதுவோர் அனைவரும், பிரிபடாப் பங்கை வாங்காதே, வாங்கினால் பங்குபிரிப்பு வழக்கிடு என்பர். என் மருமகனும் அதையே சொன்னான். அறிவுரையில் பிழையில்லை. யான் ஐந்து பங்கை மட்டும் வாங்கினேன், வழக்கிடவில்லை. பிரிபடாப் பங்கு என்பதன் பொருளை அப்போதுதான் உணர்ந்தேன். அவ்வீட்டில் அவருக்கென்று ஓர் அறையுமில்லை. அவருக்கு உரித்தில்லாத ஒரு கல்லுமில்லை.

இனி உப்பின் கதை. மேசன் பதினான்கு இலட்சம் என்று மதிப்பிட்டார், இருபத்திரண்டில் முடிந்தது. 2022-இல் ஓராண்டுக்குள் இருமடங்குக்கு மேல் ஏறிய சிமெந்து விலை மீண்டும் பழைய நிலைக்கு இறங்கவேயில்லை. ஆயினும் மிகுசெலவில் ஒரு பாதி என் அறியாமையின் கூலி. உதிர்ந்த சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டுச் சிமெந்து பூசினால் கல்லாய் நிற்கும் என்றார் மேசன். ஓர் அறையை அவ்வாறே முடித்தோம். மாரி கழிந்து தை பிறந்ததும், பூச்சுக்கு மேலே, முன்பு ஈரமே காணாத உயரத்தில், சுவர் வெண்ணிறமாகப் பூத்தது. தொட்டுச் சுவைத்தேன், உப்பு. நிலத்து நீர் கல்லின் நுண்டுளை வழியே உப்பைச் சுமந்து மேலேறுகிறது. சுண்ணாம்பு பூசிய சுவர் அந்த ஈரத்தை அடியிலேயே வெளிவிடும். சிமெந்து வழியை அடைத்துவிடுவதால் ஈரம் இன்னும் மேலே ஏறி, காய்ந்து, உப்பு மணியாகித் தன்னை மூடிய பூச்சையே பிளந்து தள்ளுகிறது.

பின்னர் எழுபது கடந்த மேசன் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். அவர் முதற்சொல், “கடற்கரை மணலைக் கொண்டு வராதையுங்கோ.” சுண்ணாம்பை நீற்றிக் குழியிலே வாரக்கணக்கில் ஊறவிட்டு, பனங்கட்டி கரைத்த நீர் சேர்த்துச் சாந்து அரைத்தார். பூசியது ஆண்டுகள் சென்றால் உதிரும், உதிர்ந்த இடத்தில் மீண்டும் பூசவேண்டும், சுவர் பிழைக்கும் என்பது அவர் நெறி. தட்டைக் கொங்கிரீற்றுக் கூரை போடுமாறு சிலர் கூறியதை அவர் ஒரு சொல்லில் ஒதுக்கினார். உப்புக் காற்றில் உள்ளிருக்கும் கம்பி துருவேறிப் பருத்துக் கொங்கிரீற்றை வெடிக்கச் செய்யும் என்பதை அவர் எத்தனையோ வீடுகளிற் கண்டவர். வைரம் பாய்ந்த பனங் கைமரமும் பழைய ஓடும் வேறிடங்களில் வாங்கினோம். பனை தறிக்க அனுமதி வேண்டுமாதலின், முன்னரே தறித்த மரம் தேட வேண்டியதாயிற்று. அவ்வாலமரத்தின் வேரைச் சுவரிலிருந்து எடுக்க ஒன்பது நாட்கள்.

2024 ஆவணியில் ஓர் இளங்குடும்பம் குடியேறியது. மாத வாடகை 24,000 ரூபாய். வங்கி வட்டியோடு ஒப்பிட்டால் யான் வென்றேன் என்று சொல்ல முடியாது. வளவின் விலை ஏறினால் ஏறலாம். வாடகையில் ஆறிலொன்று, 4,000 ரூபாய், அவருடையது. முதன்மாதம் அதனை அக்காவிடங் கொடுத்தேன். தன் பெயரில் வாங்க மறுத்துத் தம்பியின் பெயரில் வங்கியிற் போடச் சொன்னார். கணக்குத் திறப்பவர் அடையாள அட்டையுடன் நேரில் வரல் வேண்டுமென்றனர் வங்கியில்.

இப்போது அக்கா வீட்டில் நாற்பது பக்கக் கொப்பி ஒன்று இருக்கிறது. மாதந்தோறும் தொகையையுந் திகதியையும் யான் எழுதுகிறேன். ‘பெற்றவர்’ என்னும் நிரலில் அக்கா தம் தம்பியின் பெயரை எழுதி, அதன்கீழ் ‘அவர் வரும்வரை’ என்று குறித்துத் தமது ஒப்பத்தை இடுகிறார்.