நாமக்கல் பட்டறைக்குப் புரியும் ஜெர்மன் வண்டி

ஓசூரிலிருந்து கிளம்பும் லாரி சேஸிஸ், சேலம் வழியாக நாமக்கல்லுக்கு ஓடி வருவதைப் பார்த்துப் பழகியவர்கள் இந்தப் பக்கத்து மக்கள். இன்ஜின், ஸ்டியரிங், சக்கரங்கள், நீளமாக இரண்டு இரும்புச் சட்டங்கள், அவ்வளவுதான். கூரையும் கிடையாது, கதவும் கிடையாது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெயிலிலேயே ஓட்டி வருவார் டிரைவர். பட்டறைக்குள் நுழைந்து தச்சர், ஃபிட்டர், வெல்டர், பெயின்டர் என்று பல கைகள் பட்ட பிறகுதான் அது லாரியாகிறது. திருச்செங்கோட்டிலோ அதே மாதிரி சேஸிஸின் முதுகில் போர்வெல் எந்திரம் ஏறி, ரிக் வண்டியாகி இந்தியா முழுக்கப் போகிறது.

சேஸிஸ் ஒன்று, வேலைக்குத் தகுந்த பாடி வேறு. இந்தச் சூத்திரம் தெரிந்தவர்களுக்கு, இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் டாங்கி அழிப்பு வண்டி சட்டென்று பிடிபடும்.

டாங்கி என்றால் தலையில் சுழலும் கூண்டு இருக்கும். பீரங்கி அதில்தான் உட்கார்ந்திருக்கும். வேலையும் செலவும் நிறையப் பிடிக்கும் பாகம் அந்தக் கூண்டு. டாங்கி அழிப்பு வண்டிகள் பலவற்றில் ஜெர்மானியர்கள் அதை எடுத்துவிட்டார்கள். கைவசம் இருந்த டாங்கியின் அடிப்பாகத்தின் மேல் நான்கு பக்கமும் தகடு அடைத்து, பெரிய பீரங்கி ஒன்றை முன்பக்கமாகவே பொருத்தினார்கள். வண்டி தாழ்வாக இருந்ததால் பதுங்க முடிந்தது, செலவும் குறைந்தது. ஆனால் குறியை அதிகம் மாற்ற வேண்டுமென்றால் வண்டியையே திருப்பியாக வேண்டும்.

இவ்வகை வண்டிகளின் ஸ்கேல் மாடல்களுக்கு உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் உண்டு. அவற்றில் நம் பட்டறைக்காரர்கள் கையில் கொடுத்துக் காட்ட வேண்டிய மாடல் ஒன்று உண்டென்றால், அது 'ஹெட்ஸர்'.

கிரேன் தீர்மானித்த வண்டி

1943 நவம்பரில் பெர்லினின் ஆல்கெட் ஆலை மீது குண்டு விழுந்தது. 'ஸ்டுக்' என்ற பீரங்கி வண்டிகள் பெருமளவில் தயாரான இடம் அது. அந்த வேலையைப் பிராக் நகரத்து பி.எம்.எம். ஆலைக்கு மாற்றலாமா என்று ஜெர்மன் ராணுவம் யோசித்தது. செக் நாட்டை ஜெர்மனி பிடிப்பதற்கு முன் சி.கே.டி. என்று பெயர் பெற்றிருந்த ஆலைதான் அது. ஸ்டுக்கின் எடையோ 24 டன். அதைத் தூக்க அங்கிருந்த கிரேன்களால் ஆகவில்லை.

அதனால் அந்த ஆலைக்குக் கைவந்த இலகு டாங்கியின் உறுப்புகளை வைத்து, 16 டன்னுக்குள் அடங்கும் புது வண்டியை வரைந்தார்கள். அதுதான் ஹெட்ஸர். 1944 ஏப்ரலில் தயாரிப்பு தொடங்கியது. பின்னர் பில்சன் நகரத்து ஸ்கோடா ஆலையும் சேர்ந்துகொண்டது. போர் முடிவதற்குள் சுமார் 2,800 வண்டிகள் வெளிவந்தன. 75 மி.மீ. பீரங்கியும், 60 மி.மீ. கனமுள்ள சாய்வான முன்தகடும், நான்கு ஆட்களும் கொண்ட வண்டி. பட்டறையின் கொள்ளளவே ஓர் ஆயுதத்தின் வடிவத்தைத் தீர்மானித்த கதை இது.

மேசை மேல் வைத்துப் பார்த்தால்

35-ல் 1 பங்கு அளவில் ஹெட்ஸர் மாடல் பீரங்கி முனை வரை 18 செ.மீ. நீளம், 6 செ.மீ. உயரம். இந்த 1/35 கணக்கை உலகுக்குப் பழக்கியது ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து டாமியா நிறுவனம். 1960-களின் தொடக்கத்தில் 'பேந்தர்' டாங்கி மாடலைச் செய்தபோது, உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டும் என்று உருவத்தின் அளவை முடிவு செய்தார்கள். பிறகு கணக்குப் போட்டபோது அது ஏறத்தாழ 35-ல் 1 பங்காக வந்தது. அதுவே தரமாக நிலைத்துவிட்டது. இதிலும் சிறிதாக, 72-ல் 1 பங்கு அளவில், துத்தநாகக் கலவையில் வார்த்து வண்ணம் பூசிய மாடல்களும் கிடைக்கின்றன. அலமாரியில் அடுக்க அவை வசதி. வண்டியைப் படிக்க விரும்புகிறவருக்கோ, தானே ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் கிட்தான் சரி.

முன்னாலிருந்து பாருங்கள். பீரங்கி நடுவில் இல்லை, வண்டியின் வலப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது. உள்ளே இடம் அவ்வளவு நெருக்கடி. இடது பக்கம் 5 டிகிரி, வலது பக்கம் 11 டிகிரி, அதற்கு மேல் குழல் திரும்பாது. மூன்று பேர் இடப்பக்கம் ஒருவர் பின் ஒருவராக உட்கார, கமாண்டர் மட்டும் வலப்பக்கம் பின்மூலையில் தனியே இருப்பார். போரில் வண்டியை இயக்கியவர்கள் பட்ட அவதி இந்த அமைப்பிலேயே தெரிகிறது.

வண்டியைச் சாய்த்து அடியில் பாருங்கள். சக்கரங்களைத் தாங்குவது கமான்பட்டை! பீரங்கியும் கனத்த முன்தகடும் சேர்ந்து அழுத்தியதால் ஆரம்பத்தில் வந்த வண்டிகள் மூக்குக் குத்தி நின்றன. முன்பக்கக் கமான்பட்டைகளின் கனத்தை 7 மி.மீ.யிலிருந்து 9 மி.மீ.க்கு ஏற்றிச் சரிசெய்தார்கள். ஓவர்லோடு ஏற்றும் லாரிக்குக் கூடுதல் பட்டை போடும் நம்மூர் மெக்கானிக்கும் இதே வழியைத்தான் சொல்லியிருப்பார்.

பின்கோடியில், செயினை இழுத்துப் பிடிக்கும் சக்கரத்தின் துளைகளை எண்ணுங்கள். முதலில் வந்தவற்றில் 12 துளைகள். போகப் போக 8, 6 என்று குறைந்து 4 வரை வந்தது. துளை குறைந்தால் வேலை மிச்சம். போர் நெருக்கிய நெருக்கடியை இந்தச் சின்னச் சக்கரமே காட்டிக்கொடுக்கிறது. தேர்ந்த சேகரிப்பாளர் துளையை எண்ணியே வண்டி எந்தக் காலகட்டத்தைச் சேர்ந்தது என்று அனுமானித்துவிடுவார்.

மாடலில் வராத மனிதர்கள்

நீளம், அகலம், உயரம் மூன்றும் 35 மடங்கு சுருங்கினால் எடை 42,875 மடங்கு சுருங்க வேண்டும். அந்தக் கணக்கில் 16 டன் ஹெட்ஸர் 370 கிராம் சொச்சம்தான். எடையைக்கூட இப்படிக் கணக்கிட்டுவிடலாம். மனிதர்களை அப்படிச் சுருக்கிவிட முடியாது.

பிராக் ஆலையில் இதைக் கட்டியவர்கள் நாஜி ஆக்கிரமிப்பின் கீழ் உழைத்த செக் தொழிலாளர்கள். 1945 மே மாதம் பிராக் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, கைக்குக் கிடைத்த ஹெட்ஸர் வண்டிகளை அதே ஜெர்மன் படைக்கு எதிராகத் தெருவில் இறக்கினார்கள். ஆஸ்திரியாவின் செயின்ட் வாலன்டின் ஆலையில், 'யாக்ட்டைகர்' என்ற 70 டன் வண்டி உருவான இடத்தில், மாட்ஹவுசன் வதைமுகாம் கைதிகள் கட்டாய வேலை செய்தார்கள்.

எதிர்ப்பக்கத்தில் நம்மவர்களும் இருந்தார்கள். இத்தாலியில் ஜெர்மன் படையை எதிர்த்து 4, 8, 10-ஆம் இந்திய டிவிஷன்கள் போரிட்டன. 1944 பிப்ரவரி 24 அன்று மிக்னானோ அருகே, மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் சுபேதார் சுப்பிரமணியன், வெடிக்கப்போன கண்ணிவெடியின் மேல் தன் உடலைப் போட்டு உடனிருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டார். காஞ்சிபுரம் பக்கத்துக்காரரான அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது. ஜெர்மன் வண்டியை அலமாரியில் வைக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கொடுங்கோல் ஆட்சியை மெச்சுவதற்காக இந்த மாடலை வைக்கக் கூடாது, மறைப்பதற்காகவும் கூடாது. முழுக்கதையும் தெரிந்து வைப்பதே முறை.

நம் வண்டிகளை யார் அளப்பது?

ஹெட்ஸரின் துளை எண்ணிக்கை வரை இன்று நமக்குத் தெரிகிறதென்றால், அதற்குக் காரணம் உண்டு. போருக்குப் பிறகு சுவிட்சர்லாந்து இவ்வகை வண்டிகள் 158-ஐ ஜி-13 என்ற பெயரில் வாங்கியது. அவற்றில் பல இன்று அருங்காட்சியகங்களில் நிற்கின்றன. ஆர்வலர்கள் டேப் வைத்து அளந்தார்கள், படம் எடுத்தார்கள், வரைந்து வெளியிட்டார்கள்.

நாமக்கல் பட்டறையின் மர பாடி லாரிக்கு அப்படி ஒரு வரைபடம் வேண்டாமா? கேபின் கம்பெனியிலிருந்தே வருவது கூடிவிட்டது, மரம் போய் இரும்பு வந்துவிட்டது. நெற்றிப் பலகையில் செதுக்கிய பூவேலை, பின்கதவுக் கொக்கி, பெயின்டரின் எழுத்து எல்லாம் பழைய ஆட்களின் கையோடும் நினைவோடும் போய்க்கொண்டிருக்கின்றன. நிலத்தடி நீருக்காக நாடு முழுக்கச் சுற்றிய திருச்செங்கோட்டு ரிக் வண்டியின் தலைமுறை மாற்றங்களும் அப்படியே.

செய்ய முடியாத வேலை இல்லை இது. அட்டையிலும் ஃபோம் ஷீட்டிலும் அசல் பஸ் மாதிரியே மினியேச்சர் செய்யும் இளைஞர்கள் தமிழ்நாட்டில் பெருகியிருக்கிறார்கள். 1965-ல் ஆவடியில் விஜயந்தா டாங்கியை உருட்டி வெளியே விட்ட மாநிலம் இது. தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் சேலமும் ஒன்று. இந்த வட்டாரத்தில் பொறியியல் கல்லூரிகளுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் பஞ்சமில்லை. ஆண்டுக்கு ஒரு பழைய வண்டியைப் பிடித்து, கட்டிய மேஸ்திரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சேஸிஸிலிருந்து கூரை வரை அளந்து வரைபடம் போடுவதை மாணவர் புராஜெக்டாகவே கொடுக்கலாம். வரைபடம் இருந்தால் 1/35 மாடல் தானாக வரும். மேஸ்திரிகள் நம்மோடு இருக்கும்போதே அந்த வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.